உன் அம்மா ரோட்டில் நாற்காலி போட்டாள்

தர்ஷினி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்வி காதில் விழாதது போல நான் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ ஏமாறவில்லை என்று தெரியும். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மறுபடியும் கேட்டாய். "காரு ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காரு இல்லாம இந்த இடத்துல ரெண்டு பேரும் எப்படிப்பா இருப்பீங்க? பேசாம ஜேபி டவுனுக்கே எங்ககூட வந்துடுங்க. லிஃப்ட் இருக்கு, நல்லா காத்து வரும்." மாப்பிள்ளையும் பக்கத்தில் நின்று, "ரூம் ரெடியா இருக்கு மாமா" என்றார். நான் "பாப்போம்மா" என்றேன். என் "பாப்போம்" எப்படிப்பட்டது என்று உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பொம்மை கேட்டபோதும் பாப்போம், பூனை கேட்டபோதும் பாப்போம். ஆனால் இது பூனை விஷயம் இல்லை. நானும் உன் அம்மாவும் மிச்ச காலத்தை உலு திராமில், இந்த வீட்டில் கழிக்கப் போகிறோமா, அல்லது உன் பத்தொன்பதாவது மாடிக்கு மூட்டை கட்டப் போகிறோமா என்கிற விஷயம். நேரில் சொன்னால் நீ நடுவில் நடுவில் பேசுவாய், நானும் சத்தம் போடுவேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ரோட்டு விஷயத்தைப் பற்றி ஆண்டு மலருக்கு நீங்கள்தான் எழுத வேண்டும் என்று கோயில் செயலாளர் வேறு நச்சரித்துக்கொண்டிருக்கிறார். உனக்கு எழுதுவதையே அவரிடமும் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஊரே படிக்கும். கோபித்துக்கொள்ளாதே.

மலரைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவன். இந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வியர்த்தவர்கள். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் "சிகு"தான். வாத்தியார் என்பதற்கு மலாய்க்காரர் சொல்லும் அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். எதிர்வீட்டுக்குப் போவதென்றாலும் காரை எடுக்கிற ஜாதி நான். அப்படிப்பட்டவன்தான் இப்போது, ரோடு கார்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்று கட்டுரை எழுதுகிறான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நானே பல நாள் சிரித்திருக்கிறேன்.

இது உன் கல்யாணத்தில் ஆரம்பித்தது. நம் பக்கம் கல்யாண வீடு என்றால் வீட்டு முன்னால் ரோட்டை அடைத்துக் கூடாரம் போடுவது வழக்கம். அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரவர் காரை எடுத்துக்கொண்டு போய்த் திடலோரம் நிறுத்திவிடுவார்கள். நம் தெரு மலாய்க்கார அக்கா காக் ரோஸ்னா வீட்டுக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் செய்தோம், சீனப் பெரியவர் அங்கிள் லிம்மின் மனைவி இறந்தபோதும் அப்படித்தான் செய்தோம். யாரும் முகம் சுளித்தது கிடையாது. உன் கல்யாணத்தன்று காஹாங்கிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பஸ் உள்ளே வர முடியாமல் முனையிலேயே நின்றுவிட்டது. எனக்கு ஒரே பதற்றம். வந்தவர்களை நடக்க வைத்துவிட்டோமே, சம்பந்தி என்ன நினைப்பாரோ என்று ஓடினேன். அவர்களோ சீர்த் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, மேளத்தோடு, சிரித்துப் பேசிக்கொண்டு வரிசையாக நடந்து வந்தார்கள். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். காக் ரோஸ்னா கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டே அழுதார். பஸ் வீட்டு வாசல்வரை வந்திருந்தால் அந்த ஊர்வலமே நடந்திருக்காது என்று எனக்குப் பல நாள் கழித்துத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, நீ தேனிலவுக்குப் போயிருந்தாய். கூடாரக்காரரின் லோரி வழியில் படுத்துவிட்டது. "அண்ணே, லோரிக்குச் சாமான் வர லேட்டாகும், டெண்டு அப்படியே இருக்கட்டும்லா" என்று போன் பண்ணினார். நான் ஊர் திட்டுமே என்று பயந்தேன். ஆனால் மறுநாள் மாலை எட்டிப் பார்த்தால் நம் கூடாரத்துக்குக் கீழே பிள்ளைகள் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் லிம் ஒரு பிளாஸ்க் தேநீரும் சதுரங்கப் பலகையும் கொண்டுவந்து, வருகிறவன் போகிறவனை எல்லாம் உட்கார வைத்துத் தோற்கடித்துக்கொண்டிருந்தார். காக் ரோஸ்னா பாயை விரித்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிட்டார். முனை வீட்டில் இத்தனை வருடமாக இருக்கிற மனிதர் ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதுவரை அவரை நான் வெள்ளைக் கார் என்றுதான் நினைவில் வைத்திருந்தேன். பிறகு லோரி சரியாகி, கூடாரத்தைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நிமிடமே கார்கள் திரும்பி வந்து அதனதன் இடத்தில் நின்றன. பிள்ளைகள் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் எனக்கு உன் சைக்கிள் ஞாபகம் வந்தது. சிவப்புச் சைக்கிளை நீ நம் கார் நிறுத்துகிற இடத்திலேயே வட்டம் வட்டமாக ஓட்டிப் பழகினாய். வெளியே போகிறேன் என்று அழுவாய். "ரோடு வெளையாடுற எடமா? ரோடு காருக்கு" என்பேன். நீ தலை சுற்றி விழுந்து எழுந்து மறுபடியும் சுற்றுவாய்.

கூடாரம் போன கொஞ்ச நாளில் என் கண் விஷயம் தெரியவந்தது. கண்ணில் அழுத்தம் கூடி ஓரப் பார்வை போய்விட்டது என்றார் டாக்டர். நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது, பக்கத்திலிருந்து வருவதுதான் தெரிவதில்லை. கண்ணாடியைப் பார், ஓரத்தைப் பார் என்று ஆயுள் முழுக்கக் கத்திய ஆளுக்குப் போயும் போயும் அதுதான் போக வேண்டுமா? நான் அன்றைக்கு அழுதேன், உன் அம்மா பார்த்தாள். காரை உன்னிடம் கொடுத்தோம். வீட்டு முன்னால் அந்த இடம் காலியாகக் கிடந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அம்மாதான், "சரி, எழுந்திரிங்க. கிளினிக்ல மருந்து வாங்கணும். நடந்து போலாம்" என்றாள்.

கிளினிக் நம் தாமானுக்கு, அதுதான் நம் குடியிருப்புக்கு, எதிரே, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். மாடியில் நின்றால் பெயர்ப்பலகை தெரியும். காரில் போகும்போது அதை ஒரு தூரம் என்றே நான் நினைத்ததில்லை. நடந்து போனால்தான் அது வேறு நாடு என்று தெரிகிறது. நடைபாதை பாதியில் லோங்காங்கில் போய் முடிகிறது. அந்தச் சாக்கடைக்கு மேலே போட்ட சிமெண்டுப் பலகைகளில் ஒன்று ஆடுகிறது, ஒன்று இல்லவே இல்லை. மிச்ச இடத்தில் கார்கள் இரண்டு சக்கரத்தை மேலே ஏற்றி நிற்கின்றன, நான் சொல்லிக்கொடுத்த அழகோடு. பெரிய ரோட்டுக்கு வந்தால் லோரியும் காரும் சிங்கப்பூரிலிருந்து திரும்புகிற மோட்டார் சைக்கிளுமாக ஓயாத ஓட்டம். உன் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஓரத்திலிருந்து வருவது எனக்குத் தெரியாது, எது எந்த வேகத்தில் வருகிறது என்று கணக்குப் போட அவளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். என் பழைய மாணவன் ஒருவன் காரை நடுரோட்டில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "சிகு! காரு கெட்டுப்போச்சா? ஏறுங்க ஏறுங்க!" என்றான். பின்னால் வந்த லோரி கிறீச்சென்று பிரேக் போட்டது. நடக்கிறோம் என்று சொன்னதும் யாரோ தவறிப்போனதைக் கேட்டது போல முகத்தை வைத்துக்கொண்டான். அவனுடைய காரில் ஏறித்தான் ரோட்டின் அந்தப் பக்கத்துக்குப் போனோம். திரும்பும்போது இன்னொரு மாணவன். இதுதான் நீ சொன்ன "எப்படிப்பா இருப்பீங்க." அன்றைக்கே நீ கேட்டிருந்தால் மூட்டை கட்டியிருப்பேன்.

அன்று இரவு சாப்பிடும்போது உன் அம்மா சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது, என்ன சிரிப்பு என்றேன். "ஒன்னுமில்ல. உங்களுக்கு இன்னிக்குத்தான் இப்படி. எனக்கு எப்பவுமே இப்படித்தான்" என்றாள். அதைச் சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஆனால் எனக்குக் கை நின்றுவிட்டது.

ஊருக்கெல்லாம் கார் கற்றுக்கொடுத்தவன் பெண்டாட்டிக்கு மட்டும் கார் ஓட்டத் தெரியாது என்று ஊர் கேலி பண்ணும், உனக்குத் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னால் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். மேட்டில் நிறுத்தி எடுக்கிற பயிற்சி வந்தபோது கார் பின்னால் உருண்டது. நான் எல்லாரிடமும் கத்துகிற மாதிரிதான் அவளிடமும் கத்தினேன். எல்லாரும் பயந்துகொண்டு கிளட்சை மிதிப்பார்கள். அவள் கைப்பிரேக்கை ஒழுங்காக இழுத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். நான் காரில் அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்தேன். ஏறவே இல்லை. அவள் பிறந்த ஊர் லாயாங் லாயாங், அந்த ஊர்ப் பெண்களுக்கு ரோஷம் அதிகம். அதற்குப் பிறகு கோயிலா, மார்க்கெட்டா, எங்கே என்றாலும் நான்தான் கூட்டிப் போவேன். எனக்கு வகுப்பு முடிந்து, குளித்து, காப்பி குடித்து, மனசு வந்தால். அவளோடு ஒரே பள்ளியில் படித்த சரோஜா பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறாள். ஆனால் தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்றுதான் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். உன் அம்மாவுக்கு வீட்டில் இருப்பதுதான் பிடிக்கும் என்று நான் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். நம்பித்தான் சொன்னேன்.

ஆக, ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்கு வேகம் வந்துவிட்டது. பெரிய ரோட்டை ஒன்றும் செய்ய முடியாது, நம் தெருவையாவது மாலை நேரத்தில் கூடாரம் இருந்தபோது இருந்த மாதிரி ஆக்கலாம் என்று நினைத்தேன். ஸ்டோரில் என் தொழில் சாமான் கிடந்தது. ஆரஞ்சுக் கோன்கள், சிவப்பு வெள்ளைக் கம்பங்கள். அங்கிள் லிம்மையும் காக் ரோஸ்னாவையும் கேட்டேன், செய்யுங்கள் என்றார்கள். மாலையில் கோன்களை எடுத்துப்போய்த் தெருமுனையில் வைத்தேன். கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் இத்தனை அடி விட்டு ஒன்று, கொஞ்சம் தள்ளி ஒன்று, ஓரத்தில் கம்பங்களை நட்டு ஒரு கட்டம் என்று அழகாக வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

முதல் கார் வந்தது. நின்று திரும்பிப் போகும் என்று பார்த்தால், மெதுவாகி, ஒரு கோனைக்கூடத் தொடாமல் வளைந்து வளைந்து உள்ளே வந்தது. அதற்கடுத்த காரும் அப்படியே. மூன்றாவதாக வந்தவள் காக் ரோஸ்னாவின் மருமகள் ஃபர்ஹானா. அவள் இன்னும் ஒருபடி மேலே போய், கம்பங்களுக்கு நடுவில் பின்பக்கமாக நுழைந்து, ஒரே தடவையில் காரைக் கச்சிதமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "பாஸா சிகு?" என்றாள். எல்லாரும் என்னிடம் படித்தவர்கள். கோனைப் பார்த்தால் அவர்களுக்கு, இங்கே வராதே என்று தோன்றவில்லை, ஓட்டிக் காட்டு என்றுதான் தோன்றியிருக்கிறது. தெரு முழுக்கச் சிரிப்பு. அங்கிள் லிம் சிரித்த சிரிப்பில் பல்செட்டைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபர்ஹானாவைப் பார்த்து, "சிக்னல் போடல, ஃபெயில்!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

வெளியே சத்தம் அடங்கியது போலிருந்ததால் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ரோட்டின் நடுவில் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் நெத்திலி. ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். முனையில் ஒரு கார் வந்தது, கோன்களைப் பார்த்து வேகம் குறைத்தது, அவளைப் பார்த்ததும் நின்றது. ஓட்டியவன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்கிற மாதிரி காட்டிவிட்டுப் பின்னாலேயே போய் வேறு வழியில் போனான். நான் ஓடினேன். "ஏய், பைத்தியமா உனக்கு? அடிச்சிட்டுப் போயிடுவாங்க!" என்றேன். "உங்க கோனுக்கு யாரும் நிக்க மாட்டாங்க. எனக்கு நிப்பாங்க. சும்மா கத்தாம இன்னொரு நாற்காலி கொண்டாங்க" என்றாள். காக் ரோஸ்னா, "அலமாக், இந்த அக்கா!" என்று சொல்லிக்கொண்டே தன் ஸ்டூலோடு வந்தார். அங்கிள் லிம் சதுரங்கப் பலகையோடு வந்தார். பிள்ளைகள் மட்டையோடு வந்தார்கள். அன்றிலிருந்து மழையில்லாத மாலைகளில் நம் தெருவில் நாற்காலிதான். அவசரமாகப் போகிறவர்கள், வயதானவர்களை ஏற்றி வருகிறவர்கள் வந்தால் எழுந்து வழிவிடுகிறோம். மற்றவர்கள் முனையில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள், வழியில் இரண்டு பேரோடு பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

உனக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும், கேட்டுக்கொள். நீ நன்றாக ஓட்டுகிறாய், நான் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் கதவை மூடி ஏசியைப் போட்டதும் வெளியே இருக்கிறவர்கள் எல்லாம் நமக்குக் குறுக்கே வருகிறவர்களாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறார்கள். அது உன் குணம் இல்லை, அந்த இருக்கையின் குணம். நானும் அதில் நிறைய நாள் உட்கார்ந்திருந்தேன். வாரத்தில் ஒரு நாளாவது நீயும் மாப்பிள்ளையும் காரை எடுக்காமல் கீழே இறங்கிக் கடைவரைக்கும் நடந்து பாருங்கள். சண்டை போட்டிருந்தால் கட்டாயம் நடந்து பாருங்கள். காரில் போட்ட சண்டை காருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நடக்கும்போது போடுகிற சண்டை முனைவரைக்கும்கூடத் தாங்காது, நடுவில் யாராவது வந்து "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிடுவார்கள்.

நம் தெரு சரி, பெரிய ரோடு? அதற்கு வழி எதிர்பாராமல் வந்தது. பெரிய ரோட்டோரக் கடை வரிசைக்கு முன்னால் இருக்கிற அங்சானா மரங்களை வெட்டிவிட்டு, அங்கே கார் நிறுத்த இடம் போடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. பாலாய் ராயாவில், அதுதான் நம் பொது மண்டபத்தில், கூட்டம் போட்டார்கள். நகராட்சியிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார், நல்ல பையன். நம் கோயில் தலைவரே எழுந்து திருவிழாவுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும் என்றார். போன வருடமாக இருந்தால் நான்தான் முதல் ஆளாகக் கை தட்டியிருப்பேன். இப்போது எழுந்து, மரத்தை வெட்டாதீர்கள், நடக்க இடம் கொடுங்கள் என்றேன். பின்னாலிருந்து ஒருவர், "சிகுவுக்குக் கண்ணோட மூளையும் போச்சு" என்றார். நகராட்சி இளைஞர் பொறுமையாகச் சொன்னார், "எனக்கு வர்ற புகாரெல்லாம் பார்க்கிங் இல்லைன்னுதான் ஐயா. நடக்க இடமில்லைன்னு ஒருத்தரும் வந்து புகார் கொடுத்ததில்ல." அவர் சொன்னது பொய் இல்லை.

உன் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே மலாயில் கேட்டாள். "உங்க ஆபீஸ் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே தம்பி? நடக்குறவங்க வந்து புகார் கொடுக்கணும்னா அந்த ரோட்டைத் தாண்டி வரணுமே. எப்படி வருவாங்க?" மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அந்த இளைஞரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். "பாசார் மாலாம் ராத்திரிச் சந்தை அன்னைக்கு வந்து பாருங்க" என்றாள் உன் அம்மா. "அன்னைக்கு மட்டும் கடைத்தெருவை அடைக்கிறீங்க. எவ்வளவு பேரு நடக்குறாங்கன்னு அன்னைக்குப் பாருங்க. அவங்கெல்லாம் மத்த நாள்லயும் இந்த ஊர்லதான் இருக்காங்க." அவர் வந்தார். காக் ரோஸ்னா அங்கே போட்டிருந்த கடையில் நாசி லெமாக்கைப் பொட்டலமாகத் தாபாவ் பண்ணிக்கொண்டு தெருவை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து பார்த்தார். பெரிய செலவுக்கு மேலிடம் சம்மதிக்காது, முதலில் தற்காலிகமாகச் செய்து காட்டலாம் என்று யோசனை சொன்னவரே அவர்தான்.

செய்தார்கள். கிளினிக்குக்கு நேராக ரோட்டை மேடாக உயர்த்தி வரிக்கோடு போட்டு, இரண்டு பக்கமும் கம்பங்களை வைத்து ஒடுக்கினார்கள். கார்கள் மேட்டில் ஏற வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். லோங்காங்குக்கு மேலே ஆடாத பலகை போட்டார்கள். மரங்கள் தப்பித்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூன்று பெஞ்சு போட்டார்கள், மூன்றையும் வெயிலில் போட்டார்கள், நிழல் பக்கத்திலேயே சும்மா கிடக்கிறது. மோட்டார் சைக்கிள்காரர்கள் நடைபாதையில் ஏறுகிறார்கள், அங்கிள் லிம் தடியைக் காட்டுகிறார். பஸ் இன்னும் அதன் இஷ்டத்துக்குத்தான் வருகிறது. எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போங்கள் என்று எழுதிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கோயில் தலைவர் இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு நடந்து வருகிறார். வயிறு குறைந்திருக்கிறதாம், தானே சொல்லிக்கொள்கிறார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ எங்களைக் கூப்பிடுவது பாசத்தில். அப்பாவுக்கு ஓரம் தெரியாது, ஏதாவது அடித்துவிட்டால் என்ன செய்வது என்று உனக்குத் தூக்கம் வரவில்லை என்று மாப்பிள்ளை என்னிடம் தனியாகச் சொன்னார். உன் வீட்டை நான் குறை சொல்லவில்லை. காற்று நன்றாகத்தான் வருகிறது. ஆனால் கீழே இறங்கினால் கார் நிறுத்துமிடம், அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. அங்கே எங்கே போவதென்றாலும் நீ சிங்கப்பூரிலிருந்து வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று, களைத்து வந்து கூட்டிப்போக வேண்டும். நீயும் முகம் கோணாமல் கூட்டிப்போவாய். உன் அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் காத்திருப்பாள். அவள் காத்திருப்பதில் எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்குத்தான் தெரியும்.

நீ வந்துவிட்டுப் போன இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் வெயில் சாய்ந்திருக்கிறது, வீட்டில் சத்தமே இல்லை. அடுப்படியில் பார்த்தேன், கொல்லையில் பார்த்தேன், தெருவில் நாற்காலிகளுக்கு நடுவில் பார்த்தேன். காக் ரோஸ்னாவும் பார்க்கவில்லை என்றார். இத்தனை வருடத்தில் நான் வீட்டில் இருந்து அவள் இல்லாமல் இருந்ததே கிடையாது. போன் போட்டேன். பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எங்கடி இருக்க?"

"சரோஜா வீட்டுலங்க. சும்மா பேசிட்டு இருக்கோம். குழம்பு இருக்கு, நீங்க போட்டுச் சாப்பிடுங்க. நான் வர கொஞ்சம் நேரமாகும்."

"யாரு கூட்டிட்டுப் போனா?"

அவளுக்கே அந்தக் கேள்வி புதிதாக இருந்தது போல.

"யாரும் கூட்டிட்டுப் போகல. நானே நடந்து வந்தேன்."

போனை வைத்துவிட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டேன். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன், குழம்பில் உப்பு கொஞ்சம் கூட. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "நானே நடந்து வந்தேன்" என்று உன் அம்மா சொல்ல இத்தனை வயதாகியிருக்கிறது, தர்ஷினி. அதை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வராது. நீயும் கேட்காதே.